பன்னிரண்டு நிமிடம்

மத்திகிரி
4.8.2024

அன்புள்ள ஹரிணிக் கண்ணுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், அத்தையின் முழங்காலைத் தவிர. லோகித் மூன்று நாளாக இட்லியைத் தொடவில்லை, பிஸ்கட்டை மட்டும் கொறிக்கிறான். இரண்டரை வயதுக்கு இந்த எடை போதுமா என்று நான் கவலைப்பட்டால் உன் மாமா சிரிக்கிறார். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உங்கள் ஹாஸ்டலில் போனைப் பிடுங்கி வைத்தாலும் வைத்தார்கள், நான் பேனா தேடவேண்டியதாகிவிட்டது. வார்டன் அறைப் போனில் ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் தருகிறார்கள். அதில் நாலு நிமிடம் நீ அழுதாய். மிச்சமிருந்த ஒரு நிமிடத்தில் எனக்குப் புரிந்தது இதுதான்: செமினாருக்கு மேடை ஏறினாய், இங்கிலீஷில் ஒரு வார்த்தை வரவில்லை, இறங்கி வந்துவிட்டாய். பிப்ரவரியில் ப்ராஜெக்ட் பிரசன்டேஷன். பன்னிரண்டு நிமிடம், முழுக்க இங்கிலீஷ். அப்போதும் இப்படி ஆனால் என்ன செய்வது என்று பயப்படுகிறாய்.

ஓசூர் திசு வளர்ப்பு லேபிலிருந்து அன்றைக்கு ஆள் வந்து பார்ப்பார்கள், நன்றாகப் பேசுகிறவர்களை வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்றாயே. அந்த லேப் எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். முன் அறை அலமாரியில் மேல் தட்டை உனக்காகக் காலி செய்துவிட்டேன். "ஏன், இப்பவேவா?" என்றார் மாமா. "ஆமா, இப்பவேதான்" என்றேன்.

பயப்படாதே. நான் அதே தாவரவியல் துறையில் படித்தவள்தானே. அதே பிரசன்டேஷனுக்கு வந்த என் கேடயம் நம் வீட்டு டிவி மேல் இருக்கிறது. நான் சொல்கிறபடி செய்.

அங்கே கொசு இருந்தால் எழுது, வலை அனுப்புகிறேன்.

உன் அக்கா,
சரிதா

*

கிருஷ்ணகிரி
19.8.2024

அன்பு அக்காவுக்கு,

ஹரிணியின் முத்தம், லோகித்துக்கு இரண்டு. நான் நன்றாக இருக்கிறேன். கொசு இருக்கிறது, வலையும் இருக்கிறது, வலையில்தான் ஓட்டை.

உன் கடிதம் ஐம்பது கிலோமீட்டர் வர நாலு நாள் எடுத்திருக்கிறது. நீ லோகித்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்திருந்தாலே முன்னால் வந்திருப்பாய்.

ப்ராஜெக்ட் தலைப்பு முடிவாகிவிட்டது: வெட்டிய ரோஜா எத்தனை நாள் வாடாமல் இருக்கும், எப்படி வைத்தால் இருக்கும். நானும் பிரியதர்ஷினியும் சேர்ந்து செய்கிறோம். அவள் தளியில் கான்வென்டில் படித்தவள், இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி வரும். ஆனால் தலைக்குப் பன்னிரண்டு நிமிடம், தனித்தனியாகத்தான் பேச வேண்டும் என்று ரத்தினவேல் சார் சொல்லிவிட்டார். உங்கள் காலத்தில் குழுவுக்கு ஒருவர் பேசினால் போதுமாமே? கொடுத்து வைத்தவர்கள். அதிலும் நீயே பேசியிருக்கிறாய் பார், அதுதான் அக்கா.

மேடையில் எனக்கு என்ன ஆகிறது தெரியுமா? தொண்டை அல்ல, முழங்கால். அத்தையிடம் சொல், அவர்களுக்குத் துணை நான் இருக்கிறேன்.

எப்படிப் பேசினாய், எங்கிருந்து ஆரம்பித்தாய், எல்லாம் எழுது.

உன்
ஹரிணி

*

மத்திகிரி
15.9.2024

அன்புக் கண்ணுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. லோகித்துக்குச் சளி, பிறகு எனக்கு, பிறகு மாமாவுக்கு. இப்போது தேவலை. மாமாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட், பகலில் தூங்குகிறார். அதனால் நானும் குழந்தையும் வீட்டுக்குள் ஊமைப்படம் ஓட்டுகிறோம்.

நீ கேட்டதற்குப் பதில். முதலில் முழுவதையும் எழுது. நாலு பக்கம் வந்தால் பன்னிரண்டு நிமிடம். பிறகு மனப்பாடம் செய். ‘குட் மார்னிங் ரெஸ்பெக்டட் டீச்சர்ஸ்’ என்பதில் தொடங்கி ‘தேங்க் யூ ஒன் அண்ட் ஆல்’ வரை ஒரு கமா விடாமல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். மேடையில் யார் முகத்தையும் பார்க்காதே, எதிர்ச் சுவரில் மின்விசிறிக்குக் கீழே ஓர் இடத்தைப் பார். நான் அப்படித்தான் தயார் செய்தேன்.

பூவுக்குக் கவலை வேண்டாம். எதிர்வீட்டு சரஸ்வதி அக்கா சானமாவுப் பக்கம் ஒரு பசுமைக்குடிலில் பூ வெட்டப் போகிறார். தாஜ்மஹால் ரோஜா, நல்ல சிவப்பு. பெற்றோர் பார்க்க வரும் ஞாயிறுகளில் நான் கொண்டு வந்து கேட்டில் கொடுக்கிறேன். பஸ்ஸில் லோகித் இதழைப் பிய்க்காமல் இருக்க வேண்டும்.

தலைக்கு எண்ணெய் வை. பரீட்சைப் பயத்தில் முடி கொட்டும்.

அக்கா
சரிதா

*

கிருஷ்ணகிரி
20.10.2024

என் அருமை அக்காவுக்கு,

பூ வந்தது, பூவோடு நீயும் லோகித்தும் வந்தது அதைவிட நன்றாக இருந்தது. எல்லோரும் சுகம்தானே?

மூன்று பாட்டிலில் வைத்திருக்கிறேன். ஒன்றில் வெறும் தண்ணீர். ஒன்றில் சர்க்கரையும் எலுமிச்சையும். மூன்றாவதில் வெறும் தண்ணீர்தான், ஆனால் தினமும் காம்பைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து அரை அங்குலம் வெட்டுகிறேன். மூன்றாவதுதான் ஜெயிக்கிறது, ஒன்பது நாள்! சமையல்கார மாதம்மாள் அக்கா தினமும் வந்து பார்க்கிறார். "ஏன்டி, தெனமும் வெட்டுனா பூவு நல்லா இருக்குதா? உங்க வார்டன் என்னைத் தெனமும் வெட்டுறாங்களே, நான் ஏன் வாடிப் போறன்?" என்றார். அவரிடம் காரணத்தைத் தமிழில் சொன்னேன். காம்புக்குள் காற்று அடைத்துக்கொள்ளும், வெட்டினால் வழி திறக்கும் என்று. அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். முழங்கால் ஆடவே இல்லை.

நாலு பக்கம் எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன், நீ சொன்னபடியே.

ஒரு சந்தோஷமான சேதி. கௌரவ விரிவுரையாளராகப் புதிதாக ஒரு மிஸ் வந்திருக்கிறார். பெயர் ரூபா. உன் வகுப்பு, உன் ப்ராஜெக்ட் தோழி! "நீ சரிதா தங்கச்சியா? மூக்கைப் பாத்தாலே தெரியுது" என்றார். உன்னை ரொம்ப விசாரித்தார். எனக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

உடனே பதில் போடு.

ஹரிணி

*

மத்திகிரி
24.11.2024

அன்புள்ள ஹரிணிக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். உடனே எழுத நினைத்து ஒரு மாதம் ஓடிவிட்டது.

லோகித்துக்கு இளைப்பு வந்து இரண்டு தடவை நெபுலைசர் வைத்தோம். பனிக்காலம் ஓசூரில் குழந்தைகளுக்கு ஆகாது. அவன் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். அத்தை கன்னடத்தில் திட்டுகிறார், "நீனு மலகம்மா" என்று. படுத்துத் தூங்கு என்று அர்த்தம்.

இந்த மாதம் பூ வராது. சானமாவில் யானை இறங்கி, குடில் வேலையாட்களை மூன்று மணிக்கே அனுப்பிவிடுகிறார்களாம். சரஸ்வதி அக்கா, "பூவ வெட்டவா, ஆனைக்கு வழி விடவா?" என்கிறார். கையில் இருக்கும் கணக்கை வைத்து எழுது.

மனப்பாடத்தை விடாதே. ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

சரிதா

*

கிருஷ்ணகிரி
15.12.2024

அன்பு அக்காவுக்கு,

லோகித்துக்கு இப்போது மூச்சு சரியாகிவிட்டதா? அதை முதலில் எழுது. நான் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை பிரசன்டேஷன் வைத்தார்கள். அக்கா, நான் நன்றாகத்தான் ஆரம்பித்தேன். மின்விசிறிக்குக் கீழே பார்த்தேன். இரண்டாவது பக்கம் பாதியில் யாரோ தும்மினார்கள். அவ்வளவுதான், வரி அறுந்துவிட்டது. நடுவிலிருந்து எடுக்க வரவில்லை. முதலிலிருந்து வந்தால்தான் வரும். அதனால் மறுபடி ‘குட் மார்னிங் ரெஸ்பெக்டட் டீச்சர்ஸ்’ சொன்னேன். அதே இடத்தில் மறுபடி அறுந்தது. மூன்றாவது தடவை நான் குட் மார்னிங் சொன்னபோது வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றது. ரத்தினவேல் சாரே சிரித்துவிட்டார். இப்போது ஹாஸ்டலில் என் பெயர் குட் மார்னிங்.

ரூபா மிஸ்ஸிடம் போய் அழுதேன். "எங்க அக்கா அன்னைக்கு எப்படி மிஸ் தடுமாறாம பேசுனாங்க?" என்று கேட்டேன். அவர் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தார். பிறகு, "அதை உங்க அக்காகிட்டயே கேளு கண்ணு" என்றார்.

நீ போன கடிதத்தில் மிஸ்ஸைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லையே. உங்களுக்குள் சண்டையா?

பொங்கலுக்கு சாமல்பட்டியில் நம் வீட்டுக்கு வருவாய் அல்லவா? நேரில் நீ பேசிக் காட்டு. அது போதும் எனக்கு.

உன் தங்கை
ஹரிணி

*

மத்திகிரி
11.1.2025

அன்புள்ள ஹரிணிக்கு,

எல்லோருக்கும் என் அன்பு. லோகித்துக்கு மூச்சு சரியாகிவிட்டது, ஆனால் நேற்றிலிருந்து லேசாகச் சூடு அடிக்கிறது. பொங்கலுக்கு வர முடியும் என்று தோன்றவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாமாவுக்கும் கம்பெனியில் ஒரு நாள்தான் லீவு.

ரூபாவோடு சண்டை எதுவும் இல்லை. நல்ல பெண். விசாரித்ததாகச் சொல்.

கரும்பு தின்று தண்ணீர் குடிக்காதே.

சரிதா

*

கிருஷ்ணகிரி
9.2.2025

அக்காவுக்கு,

நீ, மாமா, அத்தை, லோகித் எல்லோரும் நலமா? பொங்கலுக்கு நீ இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை. போனில் லோகித்தின் சிரிப்புச் சத்தம் கேட்டது, காய்ச்சல்காரக் குழந்தை மாதிரி இல்லை. இருக்கட்டும்.

அப்பாவின் சிநேகிதர் நாராயணப்பன் மாமா நம் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல அப்பா கேடயத்தை எடுத்துத் துண்டால் துடைத்து அவர் கையில் கொடுத்தார். "எம் பெரிய பொண்ணு பன்னண்டு நிமிசம் இங்கிலீசுல பேசி வாங்குனது. ஒரு தடுமாட்டம் இல்ல. சின்னவளும் இந்த மாசி மாசம் பேசப் போறா." நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

அக்கா, நான் முடிவு செய்துவிட்டேன். பிரசன்டேஷன் அன்று, 21ஆம் தேதி காலை, காய்ச்சல் என்று சொல்லிவிடுவேன். மருத்துவச் சான்று கொடுத்தால், என் பங்கையும் பிரியதர்ஷினியே படித்துவிடலாம், பாஸ் மார்க் மட்டும் போடுவார்கள். லேப் வேலை கிடைக்காது. பரவாயில்லை. அந்த அலமாரித் தட்டில் நீ லோகித்தின் துணியை வை.

உனக்கு வந்தது எனக்கு வரவில்லை. அவ்வளவுதான். நீ ஒரு மாதிரிப் பிறந்தாய், நான் ஒரு மாதிரிப் பிறந்தேன். என்னைக் கோபித்துக்கொள்ளாதே. அப்பாவிடம் மட்டும் நீ சொல்லிவிடு.

ஹரிணி

*

மத்திகிரி
15.2.2025

என் கண்ணே ஹரிணி,

நாளை ஞாயிறு. அப்பாவும் அம்மாவும் நானும் உன்னைப் பார்க்க வருகிறோம். அவர்கள் முன்னால் இதை என்னால் சொல்ல முடியாது. தபாலில் போட்டால் நேரத்துக்கு வராது. அதனால் முறுக்கு டப்பாவில் முறுக்குக்கு அடியில் வைக்கிறேன். நாங்கள் போன பிறகு படி. எண்ணெய்க் கறை பட்டிருந்தால் மன்னித்துக்கொள்.

நான் பேசவில்லை, ஹரிணி.

அன்று காலை புதுச் சேலை கட்டிக்கொண்டு அரங்கத்தின் கதவு வரை போனேன். உள்ளே ரத்தினவேல் சார் மைக்கைத் தட்டிப் பார்த்தார். அந்த ‘டொக் டொக்’ சத்தத்தில் என் முதல் வரி போய்விட்டது. முதல் வரி போனால் எனக்கு எதுவுமே இல்லை, எல்லாம் மனப்பாடம். தாள்களை ரூபா கையில் கொடுத்து, "எனக்குக் காய்ச்சல்டி" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டாள். சில்லென்று இருந்திருக்கும். "சரி, போ" என்றாள். நான் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு பப்ஸ் வாங்கினேன், அதையும் தின்ன முடியவில்லை. சாயங்காலம் வரை வருகிற பஸ்களின் போர்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ரூபாதான் பேசினாள். முதல் பரிசு. கேடயத்தைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். "எழுதுனது நீதானே, நீ வெச்சுக்க." வீட்டு வாசலில் அப்பா கேடயத்தைப் பார்த்து, "நீயா கண்ணு பேசுன?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆமாப்பா" என்றேன். அதோடு விட்டேனா? "பன்னண்டு நிமிசம்" என்று சேர்த்தும் சொன்னேன். ஐந்து வருஷமாக அது டிவி மேல் நிற்கிறது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. பேசியே இராத நான், எப்படிப் பேச வேண்டும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். மனப்பாடம் செய் என்றேன். முகத்தைப் பார்க்காதே என்றேன். என்னைக் கதவிலிருந்து துரத்தியதை எடுத்து உன் கையில் கொடுத்திருக்கிறேன். மூன்று குட் மார்னிங்கும் என்னுடையவை. உன்னிடம் குறை எதுவும் இல்லை.

இப்போது எனக்கு நிஜமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். எனக்குக் கன்னடம் வரும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்யாணமாகி வந்தபோது அத்தைக்குத் தமிழ் அரைகுறை, எனக்குக் கன்னடம் சுத்தம். ஆனால் பசித்தது, குழந்தை பிறந்தது, தடுப்பூசிக்கு வரிசையில் நின்றேன், பேசாமல் எப்படி? மூன்று மாதம் அத்தையை ‘நீனு, நீனு’ என்று ஒருமையிலேயே கூப்பிட்டிருக்கிறேன். ஒருநாள் அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிச் சொன்னார், பெரியவர்களை ‘நீவு’ என்று சொல்ல வேண்டுமாம். நான் செத்துப் போகவில்லை. மறுநாளும் பேசினேன். வார்த்தை வராவிட்டால் கையால் காட்டினேன். அவர் முகத்தைப் பார்த்தேன். புரிந்ததா என்று அங்கேதான் தெரிந்தது.

அப்படி இங்கிலீஷ் பேசு. தப்பாகப் பேசு, நிறுத்தாமல் பேசு. நாலு பக்கத்தையும் கிழித்துப் போடு. மூன்று பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு போ. மாதம்மாள் அக்காவுக்குச் சொன்னதைச் சொல். மார்க் போட வருகிற எக்ஸாமினருக்கு இங்கிலீஷ் தெரியும், உன் பூவைத் தெரியாது. சரஸ்வதி அக்கா முந்தாநாள் வெட்டியதும், நேற்று வெட்டியதும், இன்று வெட்டியதும் கொடுத்திருக்கிறார். அப்படியே பாட்டில்களில் போட்டுக்கொள்.

காய்ச்சல் என்று மட்டும் சொல்லாதே, கண்ணு. அன்று ஒரு நாள்தான் சொன்னேன். இன்னும் இறங்கவில்லை.

நீ என்னோடு பேசாவிட்டாலும் சரி, 21ஆம் தேதி அங்கே பேசு.

உன்
அக்கா

*

கிருஷ்ணகிரி
23.2.2025

அக்காவுக்கு,

முறுக்கில் உப்பு அதிகம். மற்றபடி நலம்.

கடிதத்தைப் படித்து முதலில் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். இரண்டு நாள் உன் பெயரைக்கூட நினைக்கவில்லை. மூன்றாம் நாள், நீ பஸ் நிலையத்தில் பப்ஸோடு உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்தது. சேலை கட்டிக்கொண்டு. அன்று யாராவது உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

பேசினேன் அக்கா.

முழங்கால் ஆடியது. மூன்று பாட்டிலை மேசையில் வைத்தேன். எக்ஸாமினர் வழுக்கைத் தலை, தூக்கக் கண். அவர் முகத்தையே பார்த்தேன். நடுவில் ‘வாடுவது’ என்பதற்கு இங்கிலீஷ் வரவில்லை. எதிரே முப்பது பேர். முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று வாய் ‘கு’ என்று குவிந்துவிட்டது. பிறகு எட்டு நாள் பூவை எடுத்து, தலை தொங்கிக்கொண்டிருந்ததைக் காட்டி, "சார், திஸ் ஃப்ளவர் இஸ் டயர்டு. தர்ஸ்டி ஆல்ஸோ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எக்ஸாமினர் நிமிர்ந்து உட்கார்ந்து, அதற்கு ‘பென்ட் நெக்’ என்று பெயர், மேலே சொல் என்றார். சொன்னேன். காம்புக்குள் காற்று அடைப்பதைக் கையால் காட்டினேன். ரூபா மிஸ் பின்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஐம்பதுக்கு முப்பத்தாறு. பிரியதர்ஷினிக்கு நாற்பத்தாறு. லேபிலிருந்து வந்த அம்மா என்னை மே மாதம் நேரில் வரச் சொல்லியிருக்கிறார். உறுதி இல்லை, வரச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அலமாரியில் லோகித்தின் துணி இருந்தால் கொஞ்சம் தள்ளி வை.

அப்புறம், ரூபா மிஸ் உன்னிடம் சொல்லச் சொன்னது: முதலாண்டுப் பிள்ளைகளுக்கு மேடைப் பயம் போக்க ஒரு வகுப்பு நடத்துகிறார், ஏப்ரல் 4. "உங்க அக்காவை வந்து பேசச் சொல்லு. அந்த மேடையில அவளுக்கு ஒரு இடம் பாக்கி இருக்குது" என்றார்.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அது உன்னுடையது.

முத்தங்களுடன்
ஹரிணி

*

மத்திகிரி
6.4.2025

அன்புள்ள ஹரிணிக்கு, அப்பா அம்மாவுக்கும்,

பரீட்சை லீவில் வீட்டில் இருக்கிறாய், கையில் போனும் வந்துவிட்டது. ஆனாலும் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீ வாய்விட்டு வாசிக்க வேண்டும். அப்பா டிவியை அணைத்துவிட்டு உட்காரட்டும். அம்மா அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வரட்டும். அவசரப்படாதே. அப்பா முகத்தைப் பார்த்து வாசி.

அப்பா, அந்தக் கேடயத்துக்கு நான் பேசவில்லை. எழுதியது நான், பேசியது ரூபா. அன்று பயந்து ஓடிப்போய் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கேட்டபோது உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கலைக்க மனம் வரவில்லை. பிறகு ஒவ்வொரு விருந்தாளிக்கும் அது ஒரு சுற்று பெரிதாகிவிட்டது. பொங்கலுக்கு நான் வராததும் அதனால்தான், லோகித்துக்குக் காய்ச்சல் இல்லை. என்மேல் கோபம் இருந்தால் போனில் திட்டுங்கள், பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

(ஹரிணி, இங்கே நிறுத்து. அப்பா தண்ணீர் கேட்டால் கொடு. பிறகு வாசி.)

வெள்ளிக்கிழமை நான் கிருஷ்ணகிரி போனேன். அத்தை துணைக்கு வந்தார், லோகித்தைப் பார்த்துக்கொள்ள. அதே அரங்கம், அதே கதவு. ரூபா மைக்கைத் தட்டப் போனாள். "தட்டாதடி, அப்படியே குடு" என்றேன். அவளுக்குப் புரிந்தது.

அறுபது பிள்ளைகள். கையில் தாள் இல்லை. ‘ஃபைவ் இயர்ஸ் பிஃபோர், ஐ ரன் ஃப்ரம் திஸ் டோர்’ என்று ஆரம்பித்தேன். அதில் தப்பு இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளிடமே பேசினேன். பஸ் நிலையம், பப்ஸ், என் தங்கையின் களைத்துப்போன ரோஜா, எல்லாம் சொன்னேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது லோகித் அத்தை கையிலிருந்து நழுவி மேடைக்கு ஓடி வந்து வயரைப் பிடித்துவிட்டான். பதறிப்போய் மைக்கிலேயே, "பேடா கந்தா, பா இல்லி!" என்று கத்திவிட்டேன். வேண்டாம்டா தங்கம், இங்கே வா என்று. தளி, தேன்கனிக்கோட்டைப் பிள்ளைகள் பாதிப் பேருக்குக் கன்னடம் தெரியும், அரங்கமே அதிர்ந்தது. அத்தைதான் ரொம்பச் சிரித்தார். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து இங்கிலீஷில் தொடர்ந்தேன். முதலிலிருந்து அல்ல, விட்ட இடத்திலிருந்து.

முடிந்ததும் அந்த முன்வரிசைப் பெண் வந்து, "மேடம், அடுத்த வாரம் எனக்கு செமினார். பயமா இருக்குது, ஆனா ஓட மாட்டன்" என்றாள்.

அப்பா, கேடயத்தை இறக்க வேண்டாம். துடைத்து அங்கேயே வையுங்கள். யாராவது கேட்டால் எழுதியது என் பெண், பேசியது அவள் தோழி என்று சொல்லுங்கள். சின்னவள் பேசினாள் என்றும் சொல்லுங்கள், அது சத்தியம். பெரியவளும் பேசினாள், கொஞ்சம் தாமதமாக.

ரூபா கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். ஏழு நிமிடம். தயவுசெய்து பன்னிரண்டு என்று சொல்லிவிடாதீர்கள்.

எல்லோருக்கும் லோகித்தின் முத்தம். இப்போது இட்லி தின்கிறான்.

உங்கள்
சரிதா